எட்டாம் நாள் பழுப்பு

துலுக்கானத்துக்கும் டாக்டர் தேவராஜுக்கும் ஆகாது. லேசாக ஆகாது என்பதல்ல. ஒருவர் குரல் வராந்தாவில் கேட்டால் மற்றவருக்கு வயிறு எரியும், அந்த அளவு. யார் ஆரம்பித்தது என்று கேட்டால் துலுக்கானம் யோசிக்காமல் தேவராஜைக் கை காட்டுவான். தேவராஜ் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லமாட்டார். எலிக் கூடத்து ஆளோடு தனக்குப் பகை என்று ஒப்புக்கொள்வதே அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கம், லேத் பட்டறைகள் முடிகிற இடத்தில் அந்தத் தனியார் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. முன்கட்டில் கண்ணாடிக் கதவும் ஏசியும். பின்கட்டில் எலிக் கூடம். எண்ணூறு சுண்டெலிகள், வெள்ளை ஒரு வரிசை, கருப்பு ஒரு வரிசை. பதினோரு வருஷமாக அவற்றுக்குத் தீனி வைத்து, உமி மாற்றி, ஜோடி சேர்த்து, குட்டி எண்ணி, வேண்டாததைக் கொன்று வந்தவன் துலுக்கானம். வேப்பம்பட்டில் வீடு. விடிகாலை லோக்கலைப் பிடித்துப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து வருவான். அவன் கையை எந்த எலியும் கடித்ததில்லை. சினை எலியின் வயிற்றை இரண்டு விரலால் தடவிப் பார்த்து உள்ளே எத்தனை குட்டி என்று சொல்லிவிடுவான். பெரும்பாலும் தப்பாது. அந்த விரல்களைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தேவராஜ் வந்தது தொண்ணூற்றைந்தில். டில்லியில் வளர்ந்த தமிழர், அமெரிக்காவில் ஆறு வருஷம் இருந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. வந்த முதல் வாரமே எலிக் கூடத்துக்குள் நுழைந்து மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். "சார், இந்தக் கருப்புக்குப் பொரி கடலைய நசுக்கிக் குடுத்தா குட்டி நல்லா தங்குது" என்று துலுக்கானம் ஆசையாகச் சொல்லப்போக, "உன்னை யோசிக்கச் சொல்லி யாரு கேட்டா? சுவத்துல எழுதி ஒட்டறதை மட்டும் செய்" என்றார். அப்படி யோசித்தே ஒன்பது வருஷம் அந்தக் கூடத்தை நோய் நொடி இல்லாமல் வைத்திருந்தவனுக்கு அது எப்படி இருக்கும்?

சுவரிலும் எழுதி ஒட்டினார். ஆங்கிலத்தில் எட்டு விதி, கீழே யாரையோ எழுதவைத்துத் தமிழில் அதே எட்டு. ஐந்தாவது விதி இது: கலப்பில்லாத இனம் வளர்க்கும் ஸ்டாக் அறையில் கலப்பு நிறத்தில் குட்டி பிறந்தால் அன்றைக்கே அழிக்க வேண்டும், பதிவேட்டில் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகவும் கருப்பு கருப்பாகவும் இருந்தால்தான் ஆராய்ச்சிக்கு ஆகும். நடுவில் சாம்பலோ பழுப்போ தலை காட்டினால் எங்கோ ஒரு கடுவன் எலி கூண்டு தாவியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கூடத்து ஆள்தான் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் துலுக்கானத்துக்கு ஒரு மெமோ வந்திருந்தது. அதற்கு முன், மழை நாளில் செருப்போடு உள்ளே போனதற்கு ஒன்று. மூன்றாவது வந்தால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று நிர்வாக அதிகாரி வீராசாமி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வயது நாற்பத்தாறு. எஸ்டேட்டில் எந்தப் பட்டறையில் எலிக்கு ஜோடி சேர்க்கிறவனுக்கு வேலை கொடுப்பார்கள்?

தேவராஜ் என்னதான் செய்கிறார் என்பதைத் துலுக்கானத்துக்குச் சொன்னவள் பத்மா. ஆவடி சேக்காட்டுப் பெண். அப்பா ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். முன்கட்டில் செல் வளர்க்கும் அறையில் அவள் டெக்னீசியன். கருத்தரித்து நாலு நாள்கூட ஆகாத எலிக் கருவிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் வைத்து, ஞாயிறு தீபாவளி என்று பார்க்காமல் தினமும் ஊட்டநீர் மாற்றி வளர்ப்பது அவள் வேலை. ஒரு நாள் தவறினால் அந்தச் செல்கள் தறிகெட்டுத் தசையாகவோ நரம்பாகவோ மாறத் தொடங்கிவிடும், அப்புறம் குப்பைக்குத்தான் போகும்.

"அண்ணே, உங்க ரயில் டைம்டேபிள் இருக்குல்ல?" என்று ஒரு நாள் உமி மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்தபடி விளக்கினாள். "அதுல எல்லாம் அப்படியே இருக்கணும். ஒரே ஒரு வண்டி வேப்பம்பட்டுல நிக்கிற நேரத்த மட்டும் அழிச்சிட்டு, அதனால என்னென்ன கெடுதுன்னு பாக்கணும். எலியோட செல்லுக்குள்ள அப்படித்தான் ஒரு ஜீன எடுத்திருக்கோம். ரத்தத்துல சர்க்கரைய அடக்குறதுன்னு சந்தேகப்படுற ஜீன். வேற எதையும் தொடல."

"அத்த எப்டி கரெக்டா புட்ச்சீங்க?"

"புடிக்கிறதா? லட்சக்கணக்கான செல்லுல போட்டு, மருந்த ஊத்தி, செத்தது போக மிஞ்சினத ஒவ்வொண்ணா சோதிச்சு... முன்னூறுல ஒண்ணே ஒண்ணுதான் சரியான எடத்துல மாறியிருந்துச்சு. ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே."

மாற்றிய செல் பழுப்பு எலியினுடையது. அதை ஊசியால் கருப்பு எலியின் கருவுக்குள் செலுத்தி, அந்தக் கருவை வெள்ளை எலியின் வயிற்றில் வைக்க வேண்டும். வெள்ளைத் தாய் வெறும் வாடகை வயிறு. அதை ஏமாற்றித் தயார்ப்படுத்துவதற்கென்றே குடும்பக் கட்டுப்பாடு செய்த நாலு கடுவன்களைத் துலுக்கானம் தனியாக வைத்திருந்தான். பிறக்கிற குட்டிகள் முழுக் கருப்பாக இருந்தால் செல் ஒட்டவில்லை. கருப்பில் பழுப்புத் திட்டு தெரிந்தால் ஒட்டிவிட்டது. எட்டாம் நாள் மயிர் முளைக்கும்போது தெரிந்துவிடும்.

"பழுப்பு தெரிஞ்சா ஜெயிச்சோம். அதுக்கப்புறம் அத வச்சு..." என்று பத்மா ஏதோ சொல்லவந்தாள். முன்கட்டிலிருந்து தேவராஜ் கத்திக் கூப்பிட்டார். எலிக் கூடத்தில் உட்கார்ந்து வெட்டிப் பேச்சு பேசினால் சம்பளம் பிடிப்பேன் என்றார். அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள். அந்தப் பாதி வாக்கியம் பாதியாகவே நின்றது.

தொண்ணூற்றேழு ஏப்ரல் கடைசியில் மூன்று வெள்ளை எலிகளின் வயிற்றில் கருக்களை வைத்தார் தேவராஜ். அடையாளத்துக்குக் காதில் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று வெட்டு. வைத்த ஆறாம் நாள் பத்மாவுக்கு அம்மை போட்டது. சேக்காட்டு வீட்டு வாசலில் வேப்பிலை ஏறியது, அவள் வேலைக்கு வருவது நின்றது.

ஒரு வெட்டு எலி ஏழு குட்டி போட்டது. ஏழும் கருப்பு. இரண்டு வெட்டு எலி குட்டி போட்ட அன்றைக்கே தேவராஜ் கூண்டைத் திறக்க வந்தார். கன்னத்தில் பூசிய ஷேவிங் வாசனை கதவைத் தாண்டும் முன்பே உள்ளே வந்துவிட்டது.

"சார், மொத நாளு தொடாதீங்க. வேற வாசன பட்டா தாயே துன்னுடும்."

"அமெரிக்காவுல நூறு கூண்டு திறந்திருக்கேன். நகரு."

திறந்தார், குட்டிகளைப் புரட்டினார், மூடினார். மறுநாள் காலை கூண்டில் இரண்டு வால் நுனிதான் மிச்சம். தேவராஜின் முகம் சிவந்துபோனது. தீனி சரியாக வைக்காததால்தான் தின்றது என்று பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதினார். துலுக்கானத்துக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியைச் சுவரில் அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை. அடித்தால் அதற்கும் ஒரு மெமோ.

மூன்றாவது எலிக்கு வயிறு தெரியவில்லை. தேவராஜ் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிடிக்கலை. ஸ்டாக்குல போடு" என்றார்.

துலுக்கானம் இரண்டு விரலால் தடவினான். "மூணு குட்டி கீது சார். கொஞ்சமா கீறதால வவுறு தெர்ல."

"ஓ. உன் விரல் என்ன ஸ்கேன் மிஷினா? ஸ்டாக்குல போடுன்னா போடு."

போட்டான். சொன்னதைத்தானே செய்ய வேண்டும்? ஆனால் தனிக் கூண்டில், ஸ்டாக் அறையின் மூலையில் போட்டான். இரண்டு நாள் கழித்து மூன்று வெட்டு எலி மூன்று குட்டி போட்டது. துலுக்கானம் ஏழு நாள் கூண்டைத் தொடவே இல்லை. எட்டாம் நாள் காலை மூடியைத் தூக்கினான். கருப்பு மயிர் முளைத்துவந்த மூன்று குட்டிகள். ஒன்றுக்கு முக்கால் உடம்பும் பழுப்பு. இன்னொன்றுக்கு இடுப்பில் பட்டை. மூன்றாவதுக்கு நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி ஒரு திட்டு.

ஜெயித்துவிட்டார்கள். யாருக்கும் தெரியாது. அவனுக்கு மட்டும் தெரியும்.

நேராகத் தேவராஜிடம் போயிருக்கலாம். பயம். ஸ்டாக் அறையில் கலப்புக் குட்டி என்று வாயெடுத்தாலே மூன்றாவது மெமோ. பத்மாவை முதலில் கேட்டுக்கொண்டு போனால் அவள் பேரைச் சொல்லியாவது காதில் போடலாம் என்று அன்று சாயங்காலம் ஆவடியில் இறங்கிச் சேக்காட்டுக்கு நடந்தான்.

வாசலில் வேப்பிலைக் கொத்து, உள்ளே மஞ்சள் தண்ணீர் வாசனை. பத்மாவின் அம்மா முத்தம்மாள் நிலைப்படியை மறித்து நின்றாள். ஆளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எலிக்கூடத்து ஆளா? அங்கேயே நில்லுங்க. அம்மா வந்திருக்கா வீட்டுல. உயிரக் கொல்லுற கையோட வாசல் மிதிக்கலாமா?"

"உள்ள வர்ல தாயி. ஒரே ஒரு சேதி. மூணாவது வெள்ள பெத்துட்ச்சி, புள்ளி வந்துகீதுன்னு பத்மாம்மா கையில சொன்னா போதும்."

"எலி பேச்சு பேசாதீங்க! அம்மா இருக்கிற வீட்டுல எலிக்குக் குட்டி பொறந்துச்சுன்னு போயி நான் சொல்லணுமா? பிள்ளைக்கி மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க. போங்க."

கதவைச் சாத்தவில்லை, சாத்தியிருந்தால்கூடத் தேவலாம். அவன் தெருமுனை திரும்புகிறவரை அங்கேயே நின்று, அவன் நின்ற இடத்தில் செம்புத் தண்ணீரைக் கொட்டினாள். துலுக்கானம் திரும்பிப் பார்த்தான், பார்த்திருக்கக் கூடாது. அவனும் வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவன்தான். காது வரைக்கும் சுட்டது.

மறுநாள், ஒன்பதாம் நாள், பதிவேட்டோடு தேவராஜின் அறைக் கதவைத் தட்டினான். அவர் பணம் தருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு, முதல் முயற்சி தோற்றது என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மூஞ்சி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"சார், ஸ்டாக் ரூம்ல ஒரு வெள்ள, புள்ளி வச்ச குட்டி போட்டுகீது. அது வந்து சார்..."

"மறுபடியும் கலப்பா?" பேனாவைத் தூக்கி எறிந்தார். "எத்தனை தடவை சொல்றது? ஒரு கூண்டை ஒழுங்கா மூடத் தெரியாதா உனக்கு?"

"இல்ல சார், இது நம்ம..."

"வாயை மூடு! அஞ்சாவது ரூல் என்ன? ஒரு மணி நேரத்துல அழிக்கணும். எத்தனைன்னு வீராசாமி ஆள் எண்ணிப் பாக்கணும். மூணாவது மெமோ டைப் ஆகும், பத்மா வந்ததும் விசாரணை. அதுவரை உன் குரலே எனக்குக் கேக்கக் கூடாது. எலி பிடிக்கிறவன்லாம் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்."

துலுக்கானத்துக்கு உள்ளே ஏதோ கெட்டிப்பட்டது. இனி இந்த ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று முடிவு செய்தான். அங்கேயே நின்றபடி பதிவேட்டில் தமிழில் எழுதினான்: "காது வெட்டு மூன்று. டாக்டர் கரு வைத்த வெள்ளைத் தாய். கருப்பில் பழுப்புத் திட்டுடன் குட்டி மூன்று. அழிக்க உத்தரவு." எழுத்து எழுத்தாக, நிதானமாக எழுதினான். நீட்டினான். தேவராஜ் பார்க்கக்கூட இல்லை. கோழி கிறுக்கின மாதிரி ஒரு கையெழுத்தைப் போட்டுத் தள்ளினார்.

படித்துக் காட்டியிருக்கலாம். ஒரு மூச்சில் கத்திச் சொல்லியிருந்தால்கூட அந்த ஆள் எழுந்து ஓடிவந்திருப்பார். துலுக்கானம் சொல்லவில்லை. உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொள் என்று மனசு கறுவியது. வராந்தாவில் நடந்து வரும்போது அவனுக்கு அது இனித்தது. அதை மறைத்துப் பயனில்லை, நன்றாகவே இனித்தது.

ஆனால் அவன் முட்டாளும் அல்ல. வேலை போகப்போகிறது. கையெழுத்து மட்டும் இருந்தால் போதாது, உயிரோடு ஒரு குட்டியும் இருந்தால் விசாரணையில் மேசை மேல் வைத்துக் கேட்கலாம்: இது யாருடையது, இதைக் கொல்லச் சொன்னது யார்? வீராசாமியின் ஆள் மூன்று பிணம் எண்ணுவான். அன்று கருப்பு வரிசையில் அதே வயதில் செத்துக் கிடந்த குட்டி ஒன்றே ஒன்று. அதை உள்ளே சேர்த்தால் ஒன்றைக் காப்பாற்றலாம். ஒன்றைத்தான்.

எதை?

மூன்றையும் உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தான். முக்கால் பழுப்பும் இடுப்புப் பட்டையும் ஆண். நெற்றித் திட்டு பெண். காம்புப் புள்ளிகள் அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தன. யோசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. பதினோரு வருஷமாகச் செய்து வருகிற வேலை. வம்சம் தழைக்க வேண்டுமென்றால் பெண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பெண்ணுக்கு ஒரு கடுவன் போதும்; அதிகப்படியான ஆண் தீனிக்குத் தண்டம், எப்போதும் முதலில் கழிப்பது அதைத்தான். பெண்ணை உமிப் பெட்டியில் தாயோடு வைத்தான். மயக்கிக் கொல்லும் ஈதர் ஜாடியைத் திறந்தான். முக்கால் பழுப்பு முதலில் போனது.

அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி பேபி துருவித் துருவிக் கேட்டபோது சொன்னான்.

"அந்தாளு மேல கோவம்னா அந்தாள நாலு வார்த்த கேளு. பச்சக் குட்டிங்கோ இன்னா பண்ச்சி?" என்றாள்.

"ஒனுக்கு ஒண்ணும் தெரியாது, கம்னு கெட" என்று தட்டைத் தள்ளினான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

நெற்றித் திட்டுக்காரி புது எலிகளை ஒதுக்கி வைக்கும் அறையில், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் வளர்ந்தாள். மூன்று வாரத்தில் தாயை விட்டுத் தனியாகத் தின்னப் பழகிவிட்டாள். துலுக்கானம் தினமும் எல்லோரும் போன பிறகு மூட்டையை நகர்த்திப் பார்ப்பான். விசாரணை நாளில் தேவராஜின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்துப் பார்த்துக்கொள்வான். அதுவே அவனுக்குக் காபி டிபன்.

ஜூன் இரண்டாம் வாரம் விசாரணை. வீராசாமி நடுவில், தேவராஜ் வலப்பக்கம். முகமெல்லாம் தழும்போடு, மெலிந்துபோன பத்மா ஓரத்தில். கலப்புக் குட்டி இரண்டாம் முறை, கருச் சோதனை எலிகளைச் சரியாகப் பராமரிக்காதது, எதிர்த்துப் பேசுவது என்று வீராசாமி குற்றங்களைப் படித்தார்.

"நீ என்ன சொல்றே?"

துலுக்கானம் பதிவேட்டைத் திறந்து வைத்தான். துணி மூடிய கூண்டைப் பக்கத்தில் வைத்தான். பிறகு அந்த நாலு வரியையும் நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"கீழ கீற கையெழுத்து யார்துன்னு டாக்டர் சாரையே கேளுங்க. மூணு குட்டி கீதுன்னு வெரல் வச்சி சொன்னேன். ஸ்கேன் மிஷினான்னு கேட்டாரு. குட்டி போட்ச்சின்னு சொல்ல வந்தேன். கொல்லுன்னாரு. இன்னா கொன்னோம்னு இப்ப பாத்துக்கட்டும்."

துணியை உருவினான்.

பத்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். தேவராஜ் எழவில்லை. கூண்டுக்குள் கருப்பு எலியின் நெற்றியில் இருந்த பழுப்பையே பார்த்தார். முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. துலுக்கானம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இறங்கியது. அந்த ஒரு நிமிஷத்துக்கு அவன் ராஜா.

"இரு, இரு... ஒண்ணு உயிரோட இருக்கே!" தேவராஜின் குரல் கிறீச்சிட்டது. "பத்மா, தூக்கு! பாரு!"

பத்மா வாலைப் பிடித்துத் தூக்கினாள், திருப்பினாள். அவள் முகம் சட்டென்று வாடியது.

"அண்ணே, இது பொம்பளையா?"

"ஆமா. பொட்டையாப் பாத்துதான் வச்சேன். ஆம்பள ரெண்டையும்தான் ஜாடில போட்டேன்." பெருமையாகத்தான் சொன்னான். பத்மா தேவராஜைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாம்மா?"

"நாம மாத்தின செல்லு ஆண் செல்லுண்ணே. ஆண் குட்டி உடம்புலதான் அது விந்தா மாறி அடுத்த தலைமுறைக்குப் போகும். எவ்வளவு பழுப்போ அவ்வளவு நல்லது. இது... நெத்தியில மட்டும்தான் இருக்கு. வயித்துக்குள்ள முட்டையா அது மாறவே மாறாது. கிட்டத்தட்ட வராது." எலியைக் கூண்டுக்குள் விட்டாள். "அன்னைக்கு இதத்தான் சொல்ல வந்தேன். கூப்பிட்டுட்டாங்க. எங்கம்மாவும் நீங்க வந்ததையே சொல்லல."

துலுக்கானம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். தேவராஜ் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார்.

"ஏன் என்னைக் கேக்கலை?"

"கேட்டா?" துலுக்கானம் கேட்டான். "கேட்டா நீங்க சொல்லி இருப்பீங்களா?"

இருவரும் பார்த்துக்கொண்ட பார்வையைக் கண்டு வீராசாமி கோப்பை மூடினார். கையெழுத்து இருந்ததால் மூன்றாவது மெமோ கிழிந்தது. வேலை நிலைத்தது. மாற்றிய செல்களில் தட்டில் வளர்ந்தவை பத்மா இல்லாமல் கெட்டுவிட்டன, மிச்சம் திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைந்து இருந்தது. ஆனால் தொட்டி வற்றி அதுவும் ஏற்கெனவே பாழாகியிருந்தது. பத்மா வராத ஐந்து வாரமும் அதை நிரப்ப யாருக்கும் தோன்றவில்லை. முன்னூறில் ஒன்று என்று கிடைத்த அந்தச் செல், இப்போது உலகத்தில் நெற்றித் திட்டுக்காரியின் உடம்பில் மட்டும்தான் இருந்தது.

தேவராஜ் ஒரே ஒரு உத்தரவு போட்டார். அந்த எலி சாகிறவரை துலுக்கானத்தின் மேசைக்கு எதிரிலேயே இருக்க வேண்டும். கருப்புக் கடுவனோடு சேர்த்துச் சேர்த்துக் குட்டி எடுக்க வேண்டும். நூறில் ஒரு வாய்ப்பு, ஆயிரத்தில் ஒன்று, எதுவானாலும். முழுப் பழுப்பில் ஒரு குட்டி விழுந்தால் இரண்டு வருஷமும் திரும்பி வந்துவிடும். பழி வாங்கத்தான் அப்படிச் செய்தார் என்று நிலையம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். பழிதான். ஆனால் ஒவ்வொரு ஈற்றின் எட்டாம் நாளும், முதல் ஆளாக அவரும் வந்து நின்றார். ஷேவிங் வாசனை இல்லாமல் வந்தார்.

முதல் ஈற்றில் ஒன்பது. கருப்பு. இரண்டாவதில் ஏழு. கருப்பு. இரண்டு தலைகளும் ஒரே கூண்டின் மேல் குனியும். துலுக்கானம் பதிவேட்டில் எழுதி நீட்டுவான். "படி" என்பார் தேவராஜ். அவன் படிப்பான். படித்த பிறகுதான் கையெழுத்து. பகை ஒரு இழைகூடக் குறையவில்லை. அவர் நிழல் பட்டாலே இவனுக்கு உடம்பு எரிந்தது. ஆனாலும் எட்டாம் நாளுக்கு முந்தின ராத்திரி இவனுக்குத் தூக்கம் வராது. பழுப்பு, பழுப்பு என்று வேண்டிக்கொண்டே கிடப்பான். அவருக்காக அல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

அடுத்த வருஷம் மார்ச்சில் நெற்றித் திட்டுக்காரி கிழமாகிவிட்டாள். கடைசியாகச் சினைப்பட்டபோது துலுக்கானம் வயிற்றைத் தடவி, "ஒண்ணுதான் கீது" என்றான். தேவராஜ் மறுத்துப் பேசவில்லை.

ஒன்றுதான் பிறந்தது. எட்டாம் நாள் காலை துலுக்கானம் மூடியைத் தூக்கினான். குட்டியை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினான், திருப்பிக் காட்டினான். கருப்பு.

எழுதினான். படித்தான். தேவராஜ் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடவில்லை. பத்து மாசமாக யாரும் கேட்காத, கேட்டுவிடுவார்களோ என்று துலுக்கானம் தினமும் பயந்த அந்தக் கேள்வியைக் குனிந்த தலையோடு கேட்டார்.

"அந்த ரெண்டு ஆண் குட்டி. எவ்வளவு பழுப்பு இருந்துது?"

ஒரு பொட்டளவு என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆள் நிம்மதியாகப் போயிருப்பார், இவனும் கொஞ்சம் தூங்கியிருப்பான். பொய் வாய்வரை வந்து நின்றது. எது அதைத் தடுத்தது, பகையா, அந்த விரல்களுக்கு இருந்த பழைய நேர்மையா என்று துலுக்கானத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"ஒண்ணுக்கு இடுப்புல பட்ட சார். இன்னொண்ணுக்கு முக்கா ஒடம்பும் பழுப்பு" என்றான். "அத்ததான் மொதல்ல போட்டேன்."